படியும் தேடலும்

கஷ்டப்பட்டுப் பெற்றால்தான் ஒரு பொருளுக்கு மதிப்பு என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. மறுப்பதற்கில்லை. ஆனால், எந்தக் கஷ்டம் என்று யாரும் கேட்பதில்லை.

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்பது கணக்கு. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த படித் திருவிழா டிசம்பர் 31-ஆம் தேதி நடக்கிறது. அன்று படிக்குப் படி பூஜை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே அன்பர்கள் ஏறுகிறார்கள். வாகனம் போகும் மலைப்பாதையும் இருக்கிறது. அதில் போனால் புண்ணியம் குறைவு என்பவர்களை நான் அறிவேன். முழங்கால் தேய்ந்த மூதாட்டியிடம், "நீங்க கீழேயே இருங்க பாட்டி, விபூதி கொண்டுவந்து தர்றோம்" என்று அன்பொழுகச் சொல்பவர்களையும் அறிவேன். இரண்டாமவர்களை நினைத்தால்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பாட்டிக்கு விபூதி வந்து சேர்ந்துவிடும். தரிசனம்?

இதற்கு ஒரு விளையாட்டில் விடை கிடைக்கிறது என்றால் சிரிப்பீர்கள். அதன் பெயர் ஜியோகேச்சிங். செயற்கைக்கோள் வழிகாட்டிகளின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த அமெரிக்க அரசு, 2000-ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிற்று. ஓரிரு நாட்களிலேயே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகைகளை அறிவித்தார். ஒருவர் டப்பாவை ஒளித்து வைப்பார். மற்றவர் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதுவார். விளையாட்டு அவ்வளவுதான்.

ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை இரண்டு அளவுகள் குறிப்பார்கள். கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது ஒன்று. போய்ச் சேரும் நிலம் எவ்வளவு கடினம் என்பது மற்றொன்று. நிலத்துக்கு ஒன்று என்றால், சக்கர நாற்காலியில் வருபவரும் போகலாம். நிலம் ஒன்றாகவும் தேடல் ஐந்தாகவும் இருக்கலாம். அப்போது மூளை திணறும், வழி மறிக்காது. நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் இரண்டு கஷ்டங்களை இந்த விளையாட்டு பிரித்து வைத்திருக்கிறது.

ஆனால் அந்த 'ஒன்று' சத்தியமாக இருக்கவேண்டும். நடப்பவன் ஒற்றைப் படியைக் கவனிப்பதே இல்லை. சக்கரத்தில் வருபவருக்கு அது மதில். டப்பா உட்கார்ந்தவர் கைக்கு எட்டுமா என்றும் பார்க்கவேண்டும். எட்டாதபோது, "நான் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது முன்வரலாம். டப்பா கிடைக்கும், கண்டெடுத்த மகிழ்ச்சி கைமாறிவிடும். பாட்டிக்கு வந்த விபூதியின் கதைதான் இதுவும்.

வழியை எளிதாக்கினால் பெருமை போய்விடுமோ என்ற பயம் வீண். பக்கத்துச் சோளிங்கரில் 1,305 படிகள். அங்கே 2024-இல் ரோப் கார் வந்தது. படிகளை யாரும் பெயர்த்து எடுத்துவிடவில்லை. ஏற ஆசைப்படுகிறவர் ஏறலாம்.

படியேறுவதை ஒருவர் விரதமாகக் கொண்டால் வணங்குகிறேன். விரதம் என்பது அவரவர் விரும்பி ஏற்பது. ஏற முடியாதவர்மேல் அதைச் சுமத்தினால் அது தண்டனை.