ஒரு ஜாண் மண்

திருவண்ணாமலையில் இருக்கும் என் அக்கா மகனுக்கு இருபத்து நான்கு வயசு. முதல் போனஸ் வந்ததும் புது செல்போன் வாங்கவில்லை, பைக்குக்கு முன்பணம் கட்டவில்லை. ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினான். அக்கா போனில் புலம்பினாள். "கோயில் வாசல்ல போலீஸ்காரங்க வச்சிருக்கிறதை இவன் எதுக்குடா வாங்கணும்?"

நியாயமான கேள்விதான். நமக்கு மெட்டல் டிடெக்டர் என்றால் கோபுர வாசலில் நிற்கிற அந்தக் கதவில்லாத நிலைதான் ஞாபகம் வரும். அது 'பீப்' என்றால் பக்தர் ஒரு நிமிஷம் சந்தேகத்துக்குரிய நபர் ஆகிவிடுவார். இடுப்பு பெல்ட் என்று தெரிந்ததும் மறுபடி பக்தர்.

இவன் வாங்கியது வேறு ரகம். நீளக் கம்பு, அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வளையம், காதில் மாட்ட ஹெட்போன். வளையத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடும்போது சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகிறது. கீழே மண்ணில் உலோகம் இருந்தால் அதிலும் லேசாக மின்சாரம் சுழன்று, பதிலுக்கு ஒரு குட்டிக் காந்தப்புலம் எழும்புகிறது. அந்தப் பதில்தான் காதில் 'குய்ங்' என்கிறது. டெலிபோன் புகழ் கிரகாம் பெல் 1881-லேயே இப்படி ஒரு கருவி செய்தார். சுடப்பட்டுப் படுத்திருந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட. கட்டிலின் ஸ்பிரிங் கம்பிகள் கருவியைக் குழப்பிவிட்டன என்பார்கள். ஜனாதிபதி பிழைக்கவில்லை. கருவி பிழைத்துக்கொண்டது.

கிரிவலத்துக்குப் போயிருந்த நான், ஞாயிற்றுக்கிழமை காலை மருமகனோடு அவன் வீட்டுப் பக்கத்துப் பூங்காவுக்கும் போனேன். ஒரு மணி நேர அறுவடை: சோடா மூடிகள் பதினொன்று, ஊக்கு இரண்டு, ஒரு சைக்கிள் சாவி, அலுமினிய ஐந்து பைசா, கறுத்துப்போன வெள்ளி மெட்டி ஒன்று. எடுத்த இடத்தையெல்லாம் களைக்கொத்தால் மூடி, புல்லை வைத்துக் காலால் அழுத்திவிட்டான். மெட்டியைக் காவலாளியிடம் கொடுத்தான். அவர் அதை வாங்கிக்கொண்டே, "தம்பி, இதெல்லாம் இங்க பண்ணக் கூடாது" என்றார்.

"எங்கண்ணே எழுதியிருக்கு?"

"எழுதலைன்னாலும் கூடாது."

இதற்குள் வாக்கிங் வந்த ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். அறுபது, அறுபத்தைந்து இருக்கும். "தம்பி, இது தங்கத்தையும் காட்டுமா?" போன தை மாசம் அந்தப் புல்லில் உட்கார்ந்திருந்தபோது தாலிச் சரடு அறுந்துவிட்டதாம். தாலி கிடைத்தது. ஒரு குண்டு மட்டும் கிடைக்கவில்லை. "புதுசு வாங்கிக் கோத்துக்கிட்டேன். ஆனா அது எங்க மாமியார் கழட்டிக் குடுத்தது" என்றார். இடத்தைக் காட்டினார். சுமார் ஒரு கிரவுண்டு புல்தரை. "அடுத்த ஞாயித்துக்கிழமை முழுசா தேடித் தர்றேம்மா" என்றான் இவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் புதுப் பலகை. பந்து விளையாடக் கூடாது, பூப்பறிக்கக் கூடாது என்ற வரிசையில் கடைசியாக, பெயிண்ட் காயாமல்: மெட்டல் டிடெக்டர் போன்ற கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் சட்டப்படி நடவடிக்கை. காவலாளி வருத்தத்தோடுதான் சொன்னார். "நாளைக்கு எவனாவது புதையல்னு தோண்டிட்டான்னா நான்ல தம்பி பதில் சொல்லணும்."

அன்று ராத்திரி போனில் கேட்டான். "மாமா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

சட்டென்று 'இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் தடை கேட்பவர்கள் பக்கம் ஒரு பலமான வாதம் இருக்கிறது. பழங்காசு ஒன்றின் மதிப்பு அதன் உலோகத்தில் இல்லை, அது கிடந்த இடத்தில் இருக்கிறது. கீழடியில் ஒரு பானை ஓடு எத்தனை அடி ஆழத்தில், எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடைத்தது என்பதை வைத்துத்தான் அதன் வயசைச் சொல்கிறார்கள். அதைப் பிடுங்கிக் கையில் எடுத்துவிட்டால் அது வெறும் ஓடு. புத்தகத்திலிருந்து கிழித்த ஒற்றைத் தாள் மாதிரி. முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. ஆகவே பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள், அகழாய்வு மேடுகள், கோயில் நிலம் ஆகியவற்றில் யாரும் கம்பும் வளையமுமாக இறங்கக் கூடாது. இதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் பூங்கா? பொழுதுபோக்குக்காரர்கள் வைத்திருக்கும் கருவி ஒரு காசைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய ஒரு ஜாண் ஆழம் வரைதான். அந்தப் புல்தரையின் மேல் ஒரு ஜாண் மண் எங்கோ இருந்து லாரியில் வந்தது. அதைக் கொத்தி, எருப் போட்டு, பைப் புதைத்து, லைட் கம்பம் நட்டு, மறுபடி கொத்தியாயிற்று. அங்கே என்ன அடுக்கு மிச்சம் இருக்கிறது கலைவதற்கு? அதில் இருக்கும் சரித்திரம் சோடா மூடிகளுடையது. பிறகு ஒரு தாலிக் குண்டுடையது.

'யாராவது தப்பு செய்யக்கூடும்' என்பது தடைக்குப் போதுமான காரணமா என்பதுதான் கேள்வி. அப்படிப் பார்த்தால் மண்வெட்டியைத்தான் முதலில் தடை செய்ய வேண்டும். ராத்திரியில் சிலை திருடுகிறவன் எந்தப் பலகையையும் படிப்பதில்லை. படிப்பவன் என் மருமகன். படித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனும் அவன்தான். யாரைத் தடுக்கத் தேவையில்லையோ அவனை மட்டும் கச்சிதமாகத் தடுக்கிற விதியை நல்ல விதி என்று சொல்ல முடியுமா?

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று இருக்கிறது. அதற்கு என் வீட்டுக் கதையையே சொல்ல வேண்டும்.

எங்கள் பெரியப்பாவுக்குச் செங்கம் பக்கத்தில் ஊர். 1979 வாக்கில் மாட்டுக் கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டியபோது சின்ன மண் கலயம் ஒன்று கிடைத்தது. உள்ளே பச்சை பூத்த சின்னச் சின்ன வில்லைகள். நான் பையன். ஒன்றைக் கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஏதோ மிருகம் மாதிரி தெரிந்தது. பெரியப்பா வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "ஒருத்தரும் வெளிய மூச்சு விடக் கூடாது. தாசில்தார் வருவாரு, போலீஸ் வரும், வீட்டையே தோண்டிப் போட்டுட்டுப் போவாங்க." மறுவாரம் அந்தக் கலயம் முழுக்கப் பாத்திரக்கடைக்குப் பழைய செம்பு விலைக்கு எடைக்குப் போயிற்று. பதிலுக்கு ஓர் எவர்சில்வர் குடம் வந்தது. அந்தக் குடம் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது.

அதே செங்கம் வட்டாரத்து ஆண்டிப்பட்டியில் கிடைத்த ஈயக் காசுகளில் 'சேந்தன்' என்ற பெயரைத் தமிழ் எழுத்தில் அறிஞர்கள் படித்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பெரியப்பா விற்றதில் யார் பெயர் இருந்ததோ! ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பெரியப்பா திருடர் இல்லை. பயந்தவர். இத்தனைக்கும் அவர் பயந்த சட்டம் அத்தனை மோசமானது கிடையாது. 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் அது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அடுத்த பாதி. சொந்தக்காரன் இல்லாத புதையல் என்று முடிவானால், மூலச் சட்டப்படி கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்வதானால் அந்தப் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தண்டனை ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. பங்கு யாருக்கும் தெரியவில்லை. பலகையில் எழுதும்போது நாம் எப்போதும் முதல் பாதியை மட்டும்தானே எழுதுகிறோம்?

2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில் அரைக் கிலோவுக்கு மேல் தங்கம் கிடைத்தபோது, ஊர் ஜனங்கள் அதை அதிகாரிகளிடம் லேசில் கொடுக்கவில்லை. எங்கள் கோயில் நகை, கோயிலிலேயே திருப்பி வைப்போம் என்று நின்றார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான் கொடுத்தார்கள். குடவோலைத் தேர்தல் முறையைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் அது. அங்கேயே அரசாங்கத்தின்மேல் நம்பிக்கை இவ்வளவுதான் என்றால், பெரியப்பாவை என்ன சொல்ல?

மறைக்காமல் வெளியே வந்ததால் கிடைத்த லாபத்தையும் பாருங்கள். கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து வந்த வெள்ளிக் காசுகளில்தான் மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற சேரர் பெயர்கள் கிடைத்தன. திருக்கோவிலூரில் தென்பெண்ணை மணல் மலையமான் காசுகளைக் கொடுத்தது. எல்லாம் பெரிய அகழாய்வில் கிடைத்தவை அல்ல. மணலைச் சலித்துப் பிழைக்கும் அரிப்புக்காரர், அவரிடம் வாங்கும் வியாபாரி, வியாபாரியிடம் வாங்கும் சேகரிப்பாளர் என்று கை மாறி வந்தவை நிறைய. ஆறு ஏற்கெனவே அடுக்குகளைக் கலைத்துவிட்டது. அந்த மனிதர்களும் இல்லையென்றால் காசும் போயிருக்கும்.

இங்கிலாந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் நடைமுறை புத்திக்காரர்கள். நிலத்துக்காரர் சம்மதித்தால் தேடிக்கொள், பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள் மட்டும் நுழையாதே, புதையல் என்றால் கட்டாயம் சொல், மற்றதையும் விருப்பப்பட்டால் வந்து பதிவு செய் என்று 1997-ல் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். பொதுஜனம் கொண்டுவந்து காட்டிப் பதிவானவை 15 லட்சத்துக்கும் மேல். 2009-ல் ஸ்டாஃபர்ட்ஷயர் வயலில் ஒருவர் கருவியோடு நடந்தபோது ஆங்கிலோ சாக்சன் காலத்துத் தங்கக் குவியல் கிடைத்தது. சொன்னார். 32.85 லட்சம் பவுண்டு என்று மதிப்புப் போட்டு அவருக்கும் விவசாயிக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். அங்கேயும் அயோக்கியர்கள் உண்டு. 2015-ல் ஹெரஃபர்ட்ஷயரில் புதையலை மறைத்து விற்ற இரண்டு பேர் 2019-ல் ஜெயிலுக்குப் போனார்கள். அதற்காகக் கருவியைத் தடை செய்யவில்லை. மறைத்தவனைத் தண்டித்தார்கள், சொன்னவனுக்குக் கொடுத்தார்கள்.

நம்மூரிலோ, 2013 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்து உன்னாவ் மாவட்டத்தில் ஒரு சாமியார் ஆயிரம் டன் தங்கத்தைக் கனவில் கண்டார் என்ற பேச்சுக்குப் பின்னால், தொல்லியல் துறையே மண்வெட்டியோடு இறங்கியது. பூமிக்கடியில் ஏதோ இருப்பதாக புவியியல் ஆய்வுத் துறை சொன்னதால்தான் தோண்டினோம், கனவுக்காக இல்லை என்றார்கள். கிடைத்தது பானை ஓடும் செங்கல்லும். கனவு கண்டவருக்கு அனுமதி, காது வைத்துக் கேட்டவனுக்குத் தடை!

திருவண்ணாமலைக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. 2002-ல் அருணாசலேஸ்வரர் கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக்கத் தொல்லியல் துறை முனைந்தபோது ஊரே எதிர்த்தது. கடைசியில் துறை பின்வாங்கியது. யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். ஆனால் அந்த ஊர் கேட்டது ஒன்றுதான். பாதுகாப்பு என்றால் எங்களோடு சேர்ந்தா, எங்களிடமிருந்தா? செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள். 1972-ல் தமிழகத் தொல்லியல் துறை புத்தகமாகப் போட்டுப் புகழ்பெற்றவை. பல நூறு வருஷம் அவற்றை எந்த வேலியும் காக்கவில்லை. வேடியப்பன் என்று பேர் வைத்துக் கும்பிட்ட ஜனங்கள் காத்தார்கள். 2025 நவம்பரில் இதே மாவட்டத்தில், ஜவ்வாது மலைக் கோவிலூர் சிவன் கோயில் திருப்பணியில் மண் கலயத்தில் 103 பொற்காசுகள் வந்தன. தோண்டிய இடத்தில் யாரும் அதை மடியில் முடிந்துகொண்டு போகவில்லை. விஷயம் வெளியே சொல்லப்பட்டது. பெரியப்பா வீட்டுக் கலயத்துக்கும் அந்தக் கலயத்துக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே மருமகனுக்கு என் பதில்: நீ தப்பு செய்யவில்லை. ஆனால் பலகையை மீறாதே. மனு எழுது. கோயில் பக்கமும் பழைய மேடுகள் பக்கமும் போக மாட்டேன், ஒரு ஜாணுக்கு மேல் தோண்ட மாட்டேன், தோண்டியதை மூடுவேன், கிடைப்பதை நோட்டுப் போட்டு எழுதிக் காவலாளியிடம் காட்டுவேன், பழசாகத் தெரிந்தால் எடுத்த இடத்தோடு தாசில்தாருக்குச் சொல்வேன் என்று நீயே நிபந்தனை எழுதிக் கொடு. பெயரைப் பதிந்துகொண்டு அனுமதி கேள். 'கூடாது' என்று ஒரு வார்த்தையில் முடிகிற பலகையைவிட, 'இப்படிச் செய்யலாம்' என்று ஐந்து வரி எழுதுகிற பலகை கஷ்டம்தான். படிக்கிறவனை யோக்கியன் என்று நம்பி எழுத வேண்டும் அல்லவா?

மனு போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அந்த அம்மா தினமும் வாக்கிங் வருகிறாராம். போன வாரம் பலகையை நிதானமாக ஒரு தரம் படித்துவிட்டுக் காவலாளியிடம் கேட்டாராம்.

"ஏம்ப்பா, மெஷின் இல்லாம நானே குனிஞ்சு தேடினா பரவாயில்லையா? இல்ல, அதுக்கும் ஒரு போர்டு வருமா?"