பெட்டி பூட்டுமுன் எடை போடுங்கள்

தம்பிமாரே, நல்லூர்க் கொடியேற்றம் நெருங்குகிறது. ஓகஸ்ட் 15இல் மடுமாதாவின் திருநாள். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் நீங்கள் மோட்டார் சைக்கிளில் வடக்கே புறப்படும் காலம் இது. புறப்படுமுன் பஞ்சிகாவத்தைக்குப் போய் வண்டிக்குப் பெட்டி பூட்டுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. பின்னால் ஒரு பெரிய பெட்டி, இரு பக்கமும் இரண்டு அலுமினியப் பெட்டிகள். பெட்டி பூட்டுவது பிழையென்று நான் சொல்லவில்லை. முதுகில் பையைக் கட்டிக்கொண்டு 400 கிலோமீற்றர் ஓடுவதைவிட, பூட்டும் பெட்டியில் பொருளை வைத்து ஓடுவது நல்லது. ஆனால் நீங்கள் பூட்டும் விதத்தைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது நான் பட்டறிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கராஜில், என் வண்டியின் வால்சட்டத்தோடு இரும்புத் தாங்கியை வெல்டிங் பிடித்துப் பெட்டிகளைப் பூட்டினேன். மனைவி பின்னால் இருந்தார். மதவாச்சியைத் தாண்டி வவுனியாவை நோக்கிப் போகையில் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. இருக்கையின் சத்தமென்று நினைத்து ஓடினேன். சற்று நேரத்தில் இடப்பக்கத் தாங்கி வெல்டிங் ஓரத்தில் முறிந்தது. பெட்டி சரிந்து பின்சில்லில் உரசியது, வண்டி பாம்பாக நெளிந்தது. பிரேக்கை அழுத்தாமல் வேகத்தை மெல்லக் குறைத்துப் புல்லோரத்தில் ஒதுக்கினேன். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தபடி ஒரு முழ இடைவெளியில் கடந்து போனது. மனைவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவர் கேட்ட முதற்கேள்வி இதுதான்: “அந்த பஸ்ஸில பிள்ளையள் இருந்தவையே?”

முறிந்த இடத்தைப் பார்த்தேன். பாதி வெடிப்பில் துரு ஏறியிருந்தது. அது அன்றைக்கு வெடித்ததல்ல, பல நாள்களாகவே வெடித்துக் கிடந்திருக்கிறது. வெல்டிங் பிடித்தவரின் பிழை பாதியென்றால், ஒருநாளும் குனிந்து பார்க்காத என் பிழை மறுபாதி. அன்று எனக்கு உறைத்தது ஒன்று: பெட்டி பூட்டுவது அலங்காரமல்ல, ஒரு பொறுப்பை ஏற்பது. உங்கள் பின்னால் இருப்பவரும், உங்களுக்குப் பின்னால் வருகிறவரும் அந்தத் தாங்கியை நம்பித்தான் வருகிறார்கள்.

கடையில் பெட்டி வாங்கும்போது நீங்கள் என்ன கேட்கிறீர்கள்? “எத்தனை லீற்றர்?” என்று கேட்கிறீர்கள். 45 லீற்றரென்றால் மகிழ்ந்து வாங்குகிறீர்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்பவரை நான் கண்டது அரிது. லீற்றர் பெட்டியின் வயிற்றைச் சொல்லும், வண்டியின் வலிமையைச் சொல்லாது. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்த ஜுசெப்பே விசென்சி 1978இல் இத்தாலியில் தொடங்கிய கீவி நிறுவனம் உலகமெங்கும் பெட்டி விற்கிறது. அதன் பெரிய பெட்டிகளிலேயே உச்ச எடை 10 கிலோ என்றும், பூட்டி ஓடும் உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீற்றர் என்றும் குறித்திருக்கிறார்கள். பந்தயம் ஓடியவர் தொடங்கிய நிறுவனம் 10 கிலோவோடு நிறுத்தச் சொல்கிறது. நாமோ யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது அதே அளவுப் பெட்டியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை மூடி மூடாத அளவுக்கு அடைக்கிறோம். 45 லீற்றர் பெட்டி நிறைய மாம்பழமென்றால் 20 கிலோவுக்குக் குறையாது. அதற்குமேல் ஒடியல், மிளகாய்த்தூள், ஒரு போத்தல் நல்லெண்ணெய்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நம்மவர் ஓட்டும் 150 சிசி அளவு வண்டிகள் பலவற்றின் கைநூலில், ஏற்றக்கூடிய மொத்தச் சுமை 130 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஓட்டுபவரும் அதில் அடக்கம். நீங்கள் 70 கிலோ, பின்னால் இருப்பவர் 55 கிலோ என்று வைப்போம். 125 ஆயிற்று. பக்கத் தாங்கிகள் இரண்டும் 6 அல்லது 7 கிலோ. வெறும் அலுமினியப் பெட்டிகள் இரண்டும் 8 அல்லது 9 கிலோ. பின்பெட்டியும் அதன் தட்டும் 4 கிலோ. கூட்டிப் பாருங்கள், குறைந்தது 143 ஆகிறது. ஒரு சட்டையைக்கூட இன்னும் உள்ளே வைக்கவில்லை. அதற்குள் எல்லை கடந்துவிட்டது. ஆகவே இருவர் போகும் சிறிய வண்டிக்கு மூன்று பெட்டி ஆகாது. இது என் கருத்தல்ல, கூட்டல் கணக்கு.

எடை எவ்வளவு என்பதோடு, எங்கே என்பதும் முக்கியம். பின்பெட்டி பின்சில்லின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. இரு சில்லுகளின் அச்சுகளுக்கு இடையே 1.3 மீற்றர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 40 சென்ரிமீற்றர் பின்னால் 15 கிலோ தொங்கினால், பின்சில்லு கூடுதலாகச் சுமப்பது ஏறக்குறைய 20 கிலோ. மீதி 5 கிலோ எங்கிருந்து வந்தது? முன்சில்லிலிருந்து பறித்தது. நெம்புகோல்போல் பின்னால் அமுக்க, முன்னால் எழும்புகிறது. கைபிடி லேசாகும். திருப்பத்தில் முன்சில்லின் பிடி தளரும். வேகம் ஏற ஏற வண்டி வாலாட்டும். இதோடு இன்னொன்றும் நடக்கும். பின்பக்கம் அமுங்குவதால் முன்விளக்கு மேலே பார்க்கும். எதிரே வருகிற வயோதிபரின் கண்ணில் உங்கள் வெளிச்சம் குத்தும். நீங்கள் ஏற்றிய மாம்பழத்துக்காக அவர் ஏன் குருடாக வேண்டும்?

மென்மையான மயிற்பீலியேயானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். அரசனுக்குச் சொன்ன அதிகாரம் அது. இன்று பெற்றோல் தாங்கியின்மேல் கைவைத்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்துகிறது. ஒரு பொருள் சிறிது, இன்னொன்றும் சிறிது, மூன்றாவதும் சிறிது. முறிவது அந்தக் கடைசிச் சிறிதில்தான்.

கராஜ் நடத்தும் அண்ணன்மாரே, உங்களிடமும் கைகூப்பிக் கேட்கிறேன். வால்சட்டம் உள்ளீடற்ற மெல்லிய குழாய். வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் அதன் வலு குறைகிறது. அந்த ஓரத்தில்தான் அதிர்வு வெடிப்பைத் தொடங்குகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் மீண்டும் திறந்தது. அதனால் இன்று உங்களிடம் வரும் வண்டிகளில் பல பழையவை. வெள்ளவத்தையில் கடற்கரையோரம் நின்ற வண்டியென்றால் உப்புக்காற்று அடியில் துருவை ஏற்றியிருக்கும். அதில் நெருப்பு வைக்காதீர்கள். வண்டி செய்தவர்கள் கொடுத்த போல்ட் துளைகளிலேயே தாங்கியைப் பூட்டுங்கள். இரு பக்கத் தாங்கிகளையும் பின்னால் ஒரு குறுக்குக் கம்பியால் இணையுங்கள். அதிர்வில் கழலாத பூட்டு நட்டுகளைப் போடுங்கள். பெட்டிக்கும் புகைக்குழாய்க்கும் இடையே கை நுழையும் இடைவெளி விடுங்கள். பின்விளக்கையும், திருப்ப விளக்குகளையும், இலக்கத் தகட்டையும் பெட்டி மறைக்குமென்றால் அந்தப் பெட்டியைப் பூட்ட மறுத்துவிடுங்கள். “எப்படியாவது பிடிச்சு விடுங்கோ அண்ணை” என்று தம்பி கெஞ்சுவான். “இது தாங்காது தம்பி” என்று சொல்லி அனுப்புங்கள். ஒரு வேலை கைவிட்டுப் போகும், ஓர் உயிர் மிஞ்சும். கடைக்காரர்களே, நீங்களும் லீற்றரைச் சொல்லும் அதே வாயால் கிலோவையும் சொல்லி விற்றுவிடுங்கள்.

மீண்டும் உங்களிடம் வருகிறேன், தம்பிமாரே. அகலத்தை மறக்காதீர்கள். அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. வத்தளை, ஜா-எல, நீர்கொழும்பு என்று சனம் நெருங்கிய பழைய வீதியில்தான் நீங்கள் போகவேண்டும். அதற்கு முன் காலி வீதியில் இரண்டு பஸ்களுக்கு இடையே நுழைகிறீர்கள். கைபிடி நுழைந்த இடத்தில் பெட்டியும் நுழையுமென்று உங்கள் கண் நினைக்கும். பெட்டி கைபிடியைவிட அகலமென்றால், அதன் அலுமினிய மூலை நடந்துபோகிற தாயின் முழங்காலில் படும். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் பள்ளி விட்டு வரும் பிள்ளையின் தோளுயரத்தில் வரும். ஆகவே நாடாவை எடுத்து அளந்து பாருங்கள். பயணம் முடிந்ததும் பக்கப் பெட்டிகளைக் கழற்றி வீட்டில் வையுங்கள். நகரத்துக்குள் அவை தேவையில்லை. வெறும் அழகுக்காக வீதியின் அகலத்தைத் திருடாதீர்கள்.

அடுக்கும் முறையும் ஓர் ஒழுக்கம். கனமானவை கீழே, இருக்கையை ஒட்டி, பக்கப் பெட்டிகளின் அடியில் இருக்கட்டும். துணியும் மழைக்கோட்டும் பின்பெட்டிக்குப் போதும். இரு பக்கமும் எடை ஒத்திருக்கட்டும். குளியலறைத் தராசு ஒன்று போதும், தூக்கி நின்று பார்த்துவிடலாம். இருவர் சுமைக்குரிய காற்றளவு கைநூலில் தனியாக இருக்கும், டயர் குளிர்ந்திருக்கும்போது அதை நிரப்புங்கள். பின் அதிர்வுதாங்கியை இருபக்கமும் ஒரே படிக்கு ஏற்றுங்கள். சங்கிலியின் தளர்வையும் முன்விளக்கின் நோக்கையும் திருத்துங்கள். பின்னால் இருப்பவரின் சேலைத் தலைப்பும் சால்வையும் சில்லுக்கு எட்டாமல் கட்டியிருக்கட்டும். பெட்டியில் சாய்ந்து தூங்கவிடாதீர்கள். அந்தப் பூட்டு பொருளுக்காகச் செய்தது, மனித முதுகுக்காகச் செய்ததல்ல.

நிரம்பிய வண்டியை முதன்முதல் ஓட்டும் இடம் புத்தளம் வீதியாக இருக்கக்கூடாது. முதல்நாள் விடியலில் ஆள்நடமாட்டமில்லாத இடத்தில் ஓட்டிப் பாருங்கள், நிறுத்திப் பாருங்கள். அதே வண்டி எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறதென்று கால் பழகவேண்டும். பயணத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கினால் பிரேக்கைப் பிடிக்காதீர்கள், கைபிடியோடு மல்லுக்கட்டாதீர்கள். வேகத்தை மெல்ல விடுங்கள், ஓரத்தில் நில்லுங்கள், சுமையைக் குறைத்த பிறகே புறப்படுங்கள். இரவில் ஓடாதீர்கள். புத்தளம் - அனுராதபுரம் வீதியில் யானை வரும். வவுனியாவுக்கு அப்பால் ஏ9இல் மாடுகள் இருட்டோடு இருட்டாகப் படுத்திருக்கும். சுமையேறிய வண்டிக்குத் திடீரென்று விலகத் தெரியாது.

சிலாபத்தில் தேநீருக்கு நிற்கும்போது குனிந்து ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். புதிதாகப் பூட்டியவை முதல் நூறு கிலோமீற்றருக்குள்தான் தளரும். மதவாச்சியில் மறுபடி பாருங்கள். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகும் வாகனம் இல்லை. நீங்களும் இறங்குவீர்கள், தேங்காய் உடைப்பீர்கள், கச்சான் வாங்குவீர்கள். கற்பூரத்தை ஒற்றிய அதே கையால் தாங்கியின் நான்கு மூலைகளையும் தடவிப் பாருங்கள். வெடிப்பு முதலில் ஒரு மயிரளவுக் கோடாகத்தான் தெரியும். பிள்ளையார் காப்பாற்றுவார் என்று நம்புகிறவன், அவர் தந்த கண்ணைப் பயன்படுத்தத்தான் வேண்டும்.

“அப்ப அம்மம்மாவுக்குச் சாமான் கொண்டுபோக வேண்டாமோ?” என்று கேட்பீர்கள். கொண்டுபோங்கள். வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ் தினமும் யாழ்ப்பாணம் போகிறது. கனமான பொதியை அதில் போட்டுவிடுங்கள், விடியும்போது வீட்டார் எடுத்துக்கொள்வார்கள். திரும்பும்போது மாம்பழமும் அப்படியே வரட்டும். நீங்கள் கையில் கொண்டுபோக வேண்டியது உங்களை மட்டும்தான். அம்மம்மா படலையில் வழிபார்த்து நிற்பது சாமானுக்காக அல்ல.

இந்த நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். ஆண்டுதோறும் வீதியில் இறப்போர் 2,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள். போரைத் தாண்டி, மூடிக்கிடந்த ஏ9 திறந்த பிறகு, ஊருக்குப் போகும் பாதை நமக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. எத்தனை ஆண்டு அந்தப் பாதைக்காகக் காத்திருந்தோம்! அதில் ஒரு கவனக்குறைவான போல்ட்டுக்கு நாம் பிள்ளைகளைக் கொடுக்கக்கூடாது.

இன்றிரவே வண்டியின் கைநூலைத் திறவுங்கள். ஏற்றக்கூடிய மொத்த எடை எவ்வளவு என்ற அந்த ஓர் எண்ணைத் தேடிப் பிடியுங்கள். ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். அதற்கு மேல் ஒரு கிலோவும் ஏற்றாதீர்கள்.