தராசும் சிலுவையும்

நீதியும் இரக்கமும் ஓரிடத்தில் குடியிருக்கக் கூடுமா? குற்றத்திற்கு உரிய தண்டனையை அளிப்பது நீதி. குற்றவாளியைத் தண்டனையினின்று காப்பது இரக்கம். மண்ணுலக மன்றங்களில் ஒன்று வெல்லும்போது மற்றொன்று தோற்கக் காண்கிறோம். இறைவனோ நிறைந்த நீதியும் நிறைந்த இரக்கமும் உடையவன் என்று கிறித்தவம் கூறுகிறது. அஃது எவ்வாறு பொருந்தும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். இவ்வாராய்ச்சி குருமார்க்கும் மறைநூல் வல்லார்க்கும் மட்டும் உரியதன்று. பாலக்காட்டு எல்லைப்புறத்திலும் இடுக்கி மலைத் தோட்டங்களிலும் வாழும் நம்மவரிடையே இக்கேள்வி கண்ணீரோடு எழுந்ததுண்டு.

இடிந்த கோபுரமும் சரிந்த மலையும்

2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பாறைக்கும் சேற்றுக்கும் அடியில் புதைந்தன. 70 பேர் மாண்டனர். சிலருடைய உடல் இறுதிவரை கிடைக்கவேயில்லை. மாண்டோரில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுள் பலருடைய பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்று வட்டாரம். அம்மலைகளுக்கு இத்தகைய துயரம் புதிதன்று. 1924ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பெருமழையில் மூணாறு நகரமே சிதைந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிற்றிருப்புப்பாதையும் அழிந்தது. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்’ என்று மக்கள் இன்றும் குறிப்பர்.

இத்தகைய அழிவு நேரும்போதெல்லாம், “யார் செய்த பாவமோ!” என்று சொல்வது நம் நாவுக்குப் பழகிவிட்ட வழக்கம். இரக்கத்தால் பிறக்கும் சொல்லாயினும், அதனுள் ஒரு தீர்ப்பு மறைந்திருக்கிறது. மாண்டவர் குற்றவாளிகள்; பிழைத்த நாம் குற்றமற்றோர் என்பதே அத்தீர்ப்பு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் இச்சொல் விழுந்தால் அவள் உள்ளம் என்ன பாடுபடும்?

இக்கேள்வி இயேசு பெருமானிடமே வந்தது. எருசலேம் நகரில் சீலோவாம் என்னுமிடத்துக் கோபுரம் இடிந்து வீழ்ந்து 18 பேர் மாண்டிருந்தனர். அவர்கள் நகரத்து ஏனையோரைவிடப் பெரும்பாவிகள் என்று எண்ணுகிறீர்களோ என அவர் வினவினார். இல்லை என்று தாமே விடையும் அளித்தார். பின்னர்க் கேட்டு நின்றோரை நோக்கி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். இச்செய்தி லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் உள்ளது. மாண்டோர்மீது தீர்ப்புக் கூறும் உரிமையை அவர் எவருக்கும் வழங்கவில்லை. பிறர் பாவத்தை எண்ணத் தொடங்கிய விரலைப் பிடித்து, எண்ணுவோன் நெஞ்சின் பக்கமே திருப்பிவிட்டார்.

அங்ஙனமாயின் இறைத்தீர்ப்பு என்பதே இல்லையோ எனின், உண்டு. அது வேண்டும் என்று ஏங்குவோர் எளியவரே. வயலை அறுத்தவர்க்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலி விண்ணை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் திருமுகம் எச்சரிக்கிறது. எந்த மன்றத்திலும் வழக்குரைக்க வழியற்றவனுக்கு, தன் வழக்கைக் கேட்கும் நீதிபதி ஒருவன் உளன் என்பதே ஆறுதல். தீர்ப்பே இல்லையெனில், ஏய்த்தவனும் ஏய்க்கப்பட்டவனும் ஒன்றாகிவிடுவர்.

நீதிபதி ஏற்ற இழப்பு

நீதியைப் பற்றிய தமிழ்க் கதைகள் இரண்டை எண்ணிப் பார்ப்போம். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன். தவறான தீர்ப்பால் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், குற்றம் தன்னுடையதே என உணர்ந்த அக்கணமே உயிர் துறந்தான். நீதி வழங்குவோன் தானும் இழப்பை ஏற்க வேண்டும் என்பதை நம் முன்னோர் ஆழ உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

கிறித்தவம் காட்டும் சிலுவையை இக்கதைகளின் அருகே வைத்து நோக்கினால் ஒற்றுமையும் விளங்கும், வேற்றுமையும் விளங்கும். சோழன் மகனிடம் பிழை இருந்தது. பாண்டியனிடமும் பிழை இருந்தது. சிலுவையில் தொங்கியவரிடமோ பிழையேதும் இல்லை என்பது கிறித்தவர் நம்பிக்கை. பாவம் பொருட்படுத்தப்படாமல் விடப்படவில்லை. ஆதலின் நீதி நின்றது. அதன் விலையைப் பாவி செலுத்தவில்லை, இறைவனே தன் மகனில் செலுத்தினான்; ஆதலின் இரக்கமும் நின்றது. இதனையே மீட்பு என்கின்றனர்.

மூணாற்று மலையேறிய குடும்பங்கள் பலவற்றின் தாயகமாகிய திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, வைணவ மரபில் வளர்ந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். 1894இல் வெளிவந்த அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’, ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூலைத் தழுவிய காப்பியம். அம்மூலக் கதையில் முதுகில் பாவச்சுமையோடு புறப்படும் பயணி, அதனைத் தன் ஆற்றலால் இறக்கி வைப்பதில்லை. சிலுவையின் முன் வந்து நின்றபோது அது தானே அவிழ்ந்து விழுகிறது. முதுகில் கொழுந்துக் கூடை சுமப்போர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை.

நிறைக்கு அடங்காத கூலி

தோட்டத்தில் கொழுந்தை நிறுத்தே கணக்கெழுதுவர். இறைவனும் நம் செயல்களைத் தராசிலிட்டு நிறுத்தே கூலி தருவான் என்று எண்ணுவது இயல்பு. இயேசு கூறிய திராட்சைத் தோட்ட உவமையில் நிகழ்வது வேறு. விடியலில் வந்தவனுக்கும், பொழுது சாய ஒரு நாழிகை இருக்கையில் வந்தவனுக்கும் உரிமையாளன் ஒரே கூலி தருகிறான். முதலில் வந்தோர் முறுமுறுக்கின்றனர். அவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. எனினும் கடைசியில் வந்தவன் வீட்டிலும் அன்று உலை கொதிக்க வேண்டுமே என்னும் எண்ணம் அவர்களுக்கு எழவில்லை. இறையருள் நீதியைக் குறைப்பதன்று; நீதி நின்றவிடத்திற்கு அப்பாலும் ஈவது.

மன்னிப்புப் பெற்றவன் கடமை

அருள் இலவசமாயின் பாவத்திற்குத் துணிவு பிறக்காதோ என்பார் உளர். வரி தண்டிப் பொருள் சேர்த்த சக்கேயு இதற்கு விடை. இயேசு அவன் இல்லம் புகுந்தபின், தன் உடைமையிற் பாதியை ஏழைகட்கு அளிப்பதாகவும், ஏய்த்ததை நான்மடங்காய்த் திருப்புவதாகவும் அவன் உறுதி கூறினான். மன்னிப்பை வாங்கிய கை, கடனைத் திருப்பித் தரவும் நீண்டது.

நம்மவருள் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை இவ்விடத்தில் நினைக்கலாம். தமிழின் முதல் நாவலை 1879இல் அளித்த இக்கிறித்தவர் முன்சீப்பாக அமர்ந்து நீதி வழங்கியவர். 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். தீர்ப்பு எழுதிய கையே சோறும் இட்டது.

இறுதித் தீர்ப்பைப் பற்றி மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் தீட்டும் காட்சியிலும் இதுவே உரைகல். பசித்தவனுக்கு உணவிட்டாயா? சிறையிலிருந்தவனைக் கண்டாயா? வேற்றூரிலிருந்து வந்தவனை ஏற்றுக்கொண்டாயா? நீதிபதி அவ்வெளியோருள் தன்னையே காட்டி வினவுகிறான். அவ்வினாவைப் பெட்டிமுடியின் மண்மேட்டருகே நின்று கேட்டுப் பார்ப்போம். மாண்டவர் என்ன பாவம் செய்தனர் என்பது அங்கே கேட்கத்தக்க கேள்வியன்று. தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து கிள்ளியவர்க்கு ஏன் சொந்தமாய் ஒரு துண்டு நிலமும் பாதுகாப்பான வீடும் வாய்க்கவில்லை? பணி ஓய்வு பெற்ற நாளில் லயத்தை விட்டு வெளியேற வேண்டிய நிலை ஏன்? இவையே நம் பக்கம் திரும்பும் கேள்விகள்.

வேற்றூரார் என்னும் பெயரை நம் குடும்பங்கள் நெடுநாள் சுமந்தன. இன்று அதே மலைகளுக்கு அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் தொழிலாளர் வந்து சேர்கின்றனர். அவர்கள் மொழி நமக்குப் புரிவதில்லை. நம் பாட்டன்மார் மொழியும் ஒருகால் பிறர்க்குப் புரியாதிருந்தது. இரக்கம் பெற்றோம் என்று நாம் நம்புவோமாயின், அந்த அயலார்க்கு நாம் திறந்துவிடும் கதவே அந்நம்பிக்கைக்குச் சான்றாகும்.