பூசலார் கட்டிய கோயில்

சென்னையை அடுத்த திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயில் உள்ளது. இதய நோயாளிகள் நலம் வேண்டி வரும் தலம் இது. இவ்வூர்ப் பூசலார் நாயனார் கோயில் கட்டப் பொருள் கிடைக்காமல் மனத்திலேயே கட்டினார் என்கிறது பெரியபுராணம். நல்ல நாளில் அடிக்கல் இட்டார், இரவும் உறங்காமல் விமானம் எழுப்பினார், சுதை பூசினார், கிணறும் குளமும் தோண்டினார். அதன் குடமுழுக்குக்கு அவர் குறித்த நாளிலேயே, காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, நாளை பூசலாரின் கோயிலில் புகுவதாகச் சொல்லி, அவனை வேறு நாள் பார்க்கச் சொன்னார்.

மனக்கோயிலுக்கும் மார்புக்குள் துடிக்கும் தசைக்கும் தொடர்பு உண்டா? தமிழில் நெஞ்சு என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கும். உடம்பை முதலில் இழிவாக எண்ணிய திருமூலர், அதனுள் இறைவன் இருப்பதை உணர்ந்தபின் அதைப் பேணத் தொடங்கினார். அவ்வழியில் பார்த்தால் உடல் பேணுவதும் வழிபாடுதான்.

அந்த வழிபாடு அடுக்களையில் தொடங்குகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்ந்தால் அது எளிதில் மிஞ்சிவிடும். புகையிலையை அறவே விடவேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடப்பது நல்லது. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் அறிகுறி காட்டாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

வேண்டுதல் மனத்துக்குத் தெம்பு தரும். அடைபட்ட இரத்தக்குழாயைத் திறக்காது. மார்பு இறுகி, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் உடனே 108-ஐ அழையுங்கள். நேர்த்திக்கடனைப் பிறகு செலுத்தலாம்.