பழுது எங்கே இருக்கிறது?

ஒரு கருவி இயங்காது நின்றுவிட்டால், அதனைப் பிடித்திருந்த கையையே முதலிற் சந்தேகிப்பது உலக வழக்கம். மேலிடத்தில் இருப்போர்க்கு வசதியானதாகையால் இவ்வழக்கம் எளிதில் மறைவதில்லை. பழுதைத் தேடுதல் பொறியியல் வேலையே. ஆயினும் எங்கே தேடத் தொடங்குகிறோம், எங்கே நிறுத்திக்கொள்கிறோம் என்பன அறவியல் வினாக்களாகும்.

வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினர்க்கு வழங்கப்பட்ட எம்-16 துப்பாக்கியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. இத்தகைய துப்பாக்கியில் ஒவ்வொரு வெடியும் வெற்றுக் கோதை வெளியே எறிந்து அடுத்த ரவையை உள்ளே ஏற்றுதல் வேண்டும். அச்சுழற்சி தடைப்பட்டால் துப்பாக்கி வெறுந் தடியாகிவிடும். 1966, 1967 ஆம் ஆண்டுகளில் எம்-16 அடிக்கடி இவ்வாறு தடைப்பட்டது. வெடித்த கோது அறையினுள் இறுகிக்கொள்ளும். குழல்வாய் வழியே கோலை நுழைத்துத்தான் அதனைத் தள்ளவேண்டும். 1967 ஏப்ரல், மே மாதங்களில் கே சான் அருகேயுள்ள குன்றுகளிற் போரிட்ட மரைன் படையினன் ஒருவன், மடிந்த தோழர்களின் அருகே அவர்கள் திருத்த முயன்ற துப்பாக்கிகள் கழற்றியபடி கிடந்தன என்று வீட்டிற்கு எழுதினான்.

சிப்பாய்கள் துப்பாக்கியைத் துப்புரவாக வைத்திருக்கவில்லை என்பது மேலிடத்தின் விடை. இதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆயின், இத்துப்பாக்கிக்கு அதிகத் துப்புரவு வேண்டியதில்லை என்ற எண்ணத்தைப் பரப்பியவர் யார்? துப்புரவுக் கருவிகளைப் போதிய அளவு அனுப்பாதவர் யார்? 1964இல் ரவையின் வெடிமருந்து மாற்றப்பட்டது. புதிய மருந்து சுழற்சியின் வேகத்தைக் கூட்டியது, கசடையும் மிகுவித்தது. ஈரக் காட்டிலே துருப்பிடிக்கக்கூடிய அறைக்குக் குறோமியப் பூச்சும் இடப்படவில்லை. இவையாவும் அலுவலக மேசைகளிலே எடுக்கப்பட்ட முடிவுகள். அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுவொன்று 1967 ஒக்டோபரில், ரவையின் குறைகளைத் திருத்தாத இராணுவ அதிகாரிகளின் போக்கு குற்றத்துக்குரிய அலட்சியத்தை ஒட்டியது என்று கூறியது. பின்னர் அறைக்குப் பூச்சு இடப்பட்டது. 1968இல் சித்திரக்கதை வடிவிற் பராமரிப்புக் கைந்நூலும் வெளிவந்தது. துப்பாக்கி ஒழுங்காகச் சுடலாயிற்று.

இங்கேதான் வினா கடுமையாகின்றது. துப்பாக்கி தடைப்பட்டபோது மடிந்தவன் பெரும்பாலும் அமெரிக்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. தடையின்றிச் சுட்டபோது மடிந்தவன் வியட்நாமிய உழவன். அவ்வாறாயின் பழுது நீங்கியதை நன்மை என்பதா? துப்பாக்கி ஏன் சுடவில்லை என்று குழு ஆராய்ந்தது. யாரை, எதன்பொருட்டுச் சுடுகிறது என்பது அதன் ஆய்வெல்லைக்குள் வரவில்லை.

போரே அநீதியானது, அதிலே துப்பாக்கியின் பழுதை ஆராய்ந்து பயனென்ன என்று சிலர் கேட்கலாம். அவ்வாறு ஒதுக்கிவிடுதல் சரியன்று. குற்றம் சிப்பாயின் கையில் இல்லை, மருந்தில் இருக்கிறது என்று துணிந்து கூறுபவன் ஏணியின் முதற்படியில் ஏறிவிட்டான். கையிலிருந்து கருவிக்கும், கருவியிலிருந்து கட்டளைக்கும், கட்டளையிலிருந்து போருக்கும் செல்வது ஒரே வழிதான். இடைப்படியில் நின்றுவிடுவதே தவறு. 1971இல் டெற்றோயிற் நகரிலே நூற்றுக்கு மேற்பட்ட முன்னாட் படையினர் கூடி, வியட்நாமில் நிகழ்ந்த கொடுமைகளைப் பற்றிப் பகிரங்கமாகச் சாட்சியம் அளித்தனர். குழு கேளாது விட்ட வினாவைத் துப்பாக்கி ஏந்தியவர்களே கேட்டார்கள்.

பரீட்சையில் தவறிய மாணவனையும் இயந்திரத்திற் கையிழந்த தொழிலாளியையும் நோக்கி ‘உன் கவனக்குறைவு’ என்று கூறப்படும் இடமெல்லாம் இவ்வேணி நம் முன்னே நிற்கின்றது. அதில் எத்தனை படி ஏற நாம் ஆயத்தமாய் இருக்கிறோம்?