விலையைப் பேசுவோம், நட்பைக் காப்போம்

அருப்புக்கோட்டையில் உங்கள் நண்பர் சேலைக் கடை தொடங்குகிறார். "மாப்ளே, நாற்பது சேலைக்குப் போட்டோ எடுத்துக் கொடு. காசு பாத்துக்கலாம்" என்கிறார். திருச்சுழியிலிருந்து கேமராவோடு பஸ் ஏறுகிறீர்கள். இரண்டு நாள் வேலை, லைட் வாடகை, இரவெல்லாம் எடிட்டிங். கடைசியில் ஆயிரம் ரூபாய் கைக்கு வருகிறது. வாய் ஒன்றும் சொல்லாது. உள்ளம் கணக்குப் போடும். அன்றிலிருந்து சலாமில் பழைய சூடு இருக்காது.

ஹிஜ்ரத்துக்காக அபூபக்ர் (ரலி) அவர்கள் நான்கு மாதம் தழை போட்டு வளர்த்த ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களைவிட நெருங்கிய தோழர் யார்? ஆனாலும் விலைக்குத்தான் என்று சொல்லியே நபியவர்கள் ஏற்றார்கள். ஜாபிர் (ரலி) அவர்களிடம் ஒட்டகம் வாங்கியபோதும் விலை பேசினார்கள். மதீனா வந்ததும் பேசியதற்கு மேலாகவே கொடுத்து, ஒட்டகத்தையும் திருப்பித் தந்தார்கள். விலை தனி, அன்பளிப்பு தனி.

கூலி இன்னதென்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது ஃபிக்ஹ். பேசாத விலையை ஆளுக்கொரு தொகையாக மனதில் எழுதிக்கொள்கிறோம். சண்டை அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே மற்றவர்களிடம் வாங்கும் தொகையை முதலில் சொல்லுங்கள். குறைப்பதானால், இவ்வளவு என் அன்பளிப்பு என்று சொல்லிக் குறையுங்கள். இலவசமென்றால் அல்லாஹ்வுக்காகச் செய்யுங்கள். பிறகு சொல்லிக் காட்டாதீர்கள்.

கடை வைத்திருக்கும் சகோதரரே! நண்பன் காசு கேட்கக் கூச்சப்படுவான். நீங்களே கேட்டுவிடுங்கள். அவனுடைய கூச்சத்தை உங்கள் லாபமாக்காதீர்கள்.

நம் கொடுக்கல் வாங்கலை அல்லாஹ் தூய்மையாக்குவானாக! ஆமீன்.