கூடப் போகிறவர்

அந்த வெள்ளிக்கிழமை இரவு அத்தான் புத்ராஜெயாவிலிருந்து வரும்போதே செய்தியோடுதான் வந்தார். விஸ்மா புத்ராவில் சேர்ந்த பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டுப் போஸ்டிங். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கேட்டுவிட்டார்.

“எங்க மாப்பிள்ள?”

“தாஷ்கண்ட், மாமா.”

அப்பாவின் முகம் கொஞ்சம் விழுந்தது. சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது, தமிழ்ப்பையனை அங்கேதானே போடுவார்கள் என்று அவர் ஒரு வருடமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். “சாஸ்திரி செத்த ஊர்ல அது?” என்றார். 1966-ல் நடந்தது. அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித்தான் ஞாபகம் இருக்குமோ. நான் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து பெரிய ஆள் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன். உஸ்பெகிஸ்தானுக்குக் கடல் கிடையாது, சுற்றியிருக்கும் ஐந்து நாடுகளுக்கும் பெருங்கடல் பக்கம் வாசல் கிடையாது, குளிர்காலத்தில் பனி விழும். அம்மா சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஒனக்குக் குளிருக்குத் துணி வாங்கணும்டி.”

அக்கா உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்தார். “ம்” என்றார். அரை மணி நேரத்தில் அவருடைய பங்கு அவ்வளவுதான்.

அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முதல் போஸ்டிங் கெடாவில், சுங்கை பட்டாணி பக்கம். மலாக்காவுக்கு மாற்றல் கேட்டு வருடத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்து, நான்கு வருடம் கழித்துக் கிடைத்தது. இப்போது ஜாசின் வட்டாரத்தில் குறைநீக்கல் வகுப்பு எடுக்கிறார். மூன்றாம் ஆண்டு வந்தும் எழுத்துக்கூட்ட முடியாத பிள்ளைகள். ஒரு பையன் ‘மரம்’ என்று முதன்முதலாக வாசித்த நாளில் அக்கா எனக்கு அழைத்துச் சொன்னது நினைவிருக்கிறது. ஏதோ பதவி உயர்வு கிடைத்த குரல்.

ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். “அக்கா, நீங்க போறீங்களா?”

துடைத்துக்கொண்டிருந்த துணியை நிறுத்தினார். “எப்ப போறேன்னு எல்லாரும் கேட்டுட்டாங்க. போறியான்னு நீதான்டா மொத ஆளு.”

“அத்தான் கேக்கலையா?”

“அவருக்குப் பயம். கேட்டு, நான் இல்லன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு.”

இந்தப் பதில் என்னைப் பல நாள் விடவில்லை. அத்தான் கெட்டவரில்லை. அம்மா அப்பாவும் கொடுமைக்காரர்கள் இல்லை. ஆனாலும் ஒரு மனுஷியின் வாழ்க்கையில் குறைந்தது மூன்று வருடத்தை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். அதுவும் அன்போடு.

இதற்கு எல்லோரிடமும் தயாராக இருக்கிற பதில், “கல்யாணம் பேசும்போதே தெரியும்தானே” என்பது. தெரியும்தான். ஆனால் எது தெரியும்? ஒருநாள் எங்கோ போக வேண்டியிருக்கும் என்று தெரியும். எந்த ஊர், எந்த வயதில், எந்த வேலையின் நடுவில், எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கும்போது என்று தெரியாது. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டவரிடம் பிறகு எந்தத் தொகையைக் காட்டினாலும் ‘நீ ஒப்புக்கொண்டதுதான்’ என்று சொல்லலாமா? சட்டத்தில் இடம் இருக்கலாம். நியாயத்தில் இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

அத்தானும் அப்படித்தானே கையெழுத்துப் போட்டார் என்று நண்பன் ஒருவன் மடக்கினான். உண்மை. அவருக்கும் தாஷ்கண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. ஆனால் அவர் பெயர் ஆணையில் இருக்கிறது. சம்பளம், பதவி, ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பெயரோடு வருகின்றன. அக்கா நிரப்ப வேண்டிய பாரத்தில் இருப்பது ‘மெங்கிகுட் பாசாங்கான்’, துணையைப் பின்தொடர்வதற்கான சம்பளமில்லா விடுப்பு. போகிற ஊரில் வேலை தேடலாம் என்றாலும் எளிதில்லை. தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை அதிகாரியின் குடும்பத்துக்கும் பாதுகாப்புகளைத் தருகிறது. அந்தக் குடும்பத்தில் இருப்பவர் வேலைக்குப் போக, பல நாடுகளில் தனி அனுமதியோ இரு நாடுகளுக்கிடையே ஓர் ஒப்பந்தமோ வேண்டும்.

கூடப் போகிறவர் அங்கே சும்மா இருப்பதும் இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையில் 1972 வரைக்கும், கணவனின் பணி மதிப்பீட்டு அறிக்கையில் மனைவியைப் பற்றியும் எழுதினார்கள். விருந்து எப்படி நடத்துகிறார், எப்படிப் பழகுகிறார் என்பதெல்லாம் கணவனின் பதவி உயர்வுக் கோப்புக்குள் போயின. ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள். அந்த வருடம்தான், மனைவி அரசாங்க ஊழியர் அல்லர், அவரை மதிப்பிடக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது.

இதன் மறுபக்கம் சி.பி.முத்தம்மாவின் கதை. குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். முதல் வெளிநாட்டு நியமனம் பாரிஸ். பெண் அதிகாரி திருமணம் செய்ய எழுத்துபூர்வமாக அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று 1961-ஆம் ஆண்டு விதிகளில் இருந்தது. ஆணுக்கு அப்படி எதுவும் கிடையாது. முத்தம்மா கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு அவசரமாகப் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டதால் 1979-ல் மனு தள்ளுபடியானது. ஆனால் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த விதிகளைச் சும்மா விடவில்லை. குடும்பம் பெண்ணின் வேலைக்கு இடைஞ்சல் என்றால் ஆணின் வேலைக்கும் அப்படித்தானே இருக்க முடியும் என்று கேட்டார். பிரிட்டனிலும் 1973 வரை பெண் தூதரக அதிகாரி கல்யாணம் செய்தால் வேலையை விட வேண்டும்.

முதலில் இதை வேறு பிரச்சினை என்றே நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. மனைவி அதிகாரியாக இருந்து கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகும் காட்சியை அந்த விதிகளை எழுதியவர்களால் கற்பனை செய்யவே முடியவில்லை. கல்யாணமான பெண் அதிகாரியை வெளியே தள்ளிய கையும், கல்யாணமான மனைவியைச் சம்பளமில்லாமல் உள்ளே இழுத்த கையும் ஒன்றுதான். நம் நாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் குடியுரிமை பற்றி நம் அரசியலமைப்பு பேசிய இடத்தில் ‘தந்தை’ என்றுதான் இருந்தது. இங்கே பிறந்த தந்தை, அல்லது அரசுப் பணியில் இருக்கும் தந்தை. அந்நியரை மணந்த ஒரு மலேசியப் பெண் அதிகாரிக்கு, நாட்டுக்காகப் போன இடத்திலேயே குழந்தை பிறந்தால், அதற்குக் குடியுரிமை தானாகக் கிடைக்காமல் இருந்தது. விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. தாய்மார்கள் சிலர் வழக்குப் போட்டு 2021-ல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், 2022-ல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். 2024 அக்டோபரில்தான் மக்களவை திருத்தத்தை நிறைவேற்றியது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது சிரித்தார். “நான் கல்யாணமாகி ஒங்கப்பா தோட்டத்துக்கு வந்தப்ப அது ஆசஹானுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னுகூடத் தெரியாது. என்னை யாரு கேட்டா?” ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவரே இன்னொன்றும் சொன்னார். வந்த மறுவாரமே கிராணி அவர் பெயரைச் செக்ரோலில் எழுதிவிட்டாராம். விடிகாலைப் பெரட்டில் அப்பா பெயரைப் போலவே அம்மா பெயரையும் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு என்று தனி நிரை, தனி வாளி, மாதக் கடைசியில் தனிச் சம்பளம்.

தோட்ட வாழ்க்கையைப் புனிதப்படுத்த எனக்கு விருப்பமில்லை. அந்தச் சம்பளத்தின் அளவும் லயத்து வீட்டின் கூரையும் எனக்குத் தெரியும். ஆனால் பின்தொடர்ந்து வந்த பால்வெட்டுக்காரிக்குத் தோட்டம் ஒரு பெயரை எழுதி வைத்திருந்தது. பட்டம் படித்து, ஆசிரியையாகி, அதிகாரியை மணந்த அவருடைய மகளுக்கு தாஷ்கண்டில் எந்தப் பதிவேட்டில் இடம்? கணவரின் வீட்டைச் சேர்ந்தவர் என்பதைத் தவிர?

அக்காவோடு பேசும்போது கண்ணகி வந்தாள். தமிழாசிரியையிடம் பேசினால் எப்படியும் வந்துவிடுவாள். கணவன் கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் மதுரைக்குக் கிளம்பியவள் என்றுதான் பள்ளியில் படித்தோம். அக்கா கொலைக்களக்காதையைப் படித்துப் பார்க்கச் சொன்னார். அங்கே, தான் அழைத்ததும் அவள் கிளம்பி வந்துவிட்டதை நினைத்துக் கோவலனே கலங்குகிறான். அதற்குக் கண்ணகி நீங்கள் சொன்னதால் வந்தேன் என்று மட்டும் சொல்லிவிடவில்லை. அவன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை வரவேற்பது உட்படத் தான் இழந்த கடமைகளைச் சொல்கிறாள். நீங்கள் செய்தது நல்லோர் ஒப்பாத காரியம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். தான் கிளம்பியதற்குக் காரணம் தன் உள்ளத்தின் உறுதி என்கிறாள்.

“அவ போனது தப்பில்ல” என்றார் அக்கா. “ஏன் போனேன்னு சொல்றதுக்கு அவளுக்கு ஒரு எடம் இருந்துச்சு. அதுவும் அவன் கலங்கினப்புறந்தான்.”

நான் வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய அதுதான். ஒருவருக்காக ஊரை விட்டுப் போவது பெரிய செயல். அதைக் கேலி செய்ய நான் யார்? ஆனால் போகாமல் இருக்கவும் முடியும் என்ற நிலையில்தான் போவது அவருடைய செயலாகிறது. ‘இல்லை’ என்ற பதிலுக்கு வீட்டில் இடமே இல்லாதபோது ‘சரி’ என்பதற்கு என்ன பொருள்? கேட்பவருக்கும் இதில் ஒரு செலவு இருக்கிறது. ‘இல்லை’ வந்தால் அதைத் தாங்க வேண்டும். அத்தான் பயந்தது அந்தச் செலவுக்குத்தான். பயப்படாமல் இருக்க முடியாதுதான். ஆனால் அந்தப் பயத்தைத் தவிர்க்க அவர் கேள்வியையே தவிர்த்தார். அதற்கான விலையை அக்கா ஒரு ‘ம்’-மில் கட்டிவிட்டார்.

பிறகு அத்தான் கேட்டார். எப்போது, எப்படி என்று எனக்குத் தெரியாது. அவர் முதலில் தனியாகப் போவதாகவும், பள்ளித் தவணை முடிந்து, அந்த மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரு நிலைக்குக் கொண்டுவந்த பிறகு அக்கா போவதாகவும் முடிவானது. “மாப்பிள்ளைய தனியா விட்டுட்டு?” என்று சொந்தத்தில் நாலு பேர் கேட்டார்கள். அம்மாவும் முதலில் அந்த நாலு பேரில் ஒருவர்தான்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யோசித்து ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். ஏனென்றால் அக்காவிடம் அவ்வளவு அழகாகக் கேள்வி கேட்ட அதே வாரத்தில், பாயான் லெப்பாசில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஆயர் கெரோவில் இப்போது வாங்குவதைவிட நல்ல சம்பளம். அடுத்த வருடம் நான் கல்யாணம் செய்யப்போகிறவள் மலாக்காவில் மருந்தாளராக இருக்கிறாள். அவளுக்கு அழைத்து, “கல்யாணத்துக்கு அப்புறம் நாம பினாங்குல இருப்போம்” என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“நீ என்கிட்ட கேக்குறியா, சொல்றியா?”

சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு, அந்த இடத்திலேயே, திருப்பிக் கேட்டேன். கேட்கும்போது வாய் உலர்ந்தது. அத்தானின் பயம் என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். பாயான் லெப்பாஸ்காரர்களுக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.